அப்பப்பாவின் தம்பி 'பட்டாளத்தார்': இந்தப் பதக்கங்கள் பற்றி யாருக்காவது தெரியுமா?

கிளுவைவேலி (ஏழாலை):

எல்லோருக்கும் வணக்கம். எங்கள் குடும்ப வரலாற்றை ஒரு சிறு நூலாகத் தொகுத்துக்கொண்டிருக்கிறோம். மற்றவர்களுக்கெல்லாம் பக்கங்கள் நிரம்பிவிட்டன. அப்பப்பாவின் தம்பிக்கு மட்டும் அரைப் பக்கம்கூடத் தேறவில்லை. இத்தனைக்கும் வீட்டில் அதிகம் பேசப்பட்டவர் அவர்தான். 'பட்டாளத்தார்' என்றால் ஊரில் சின்னப் பிள்ளைகளுக்கும் தெரியும். 1918-இல் பிறந்தார். இரண்டாம் உலகப் போரில் பிரித்தானியப் படையில் சேர்ந்து எகிப்து, லிபியா எல்லாம் போய் 1946-இல் ஊருக்கு வந்தார். 1982-இல் காலமானார்.

அவருடைய கல்வெட்டு கிடைத்தது. (வெளிநாட்டில் பிறந்த பிள்ளைகளுக்காக: அந்தியேட்டிக்கு அச்சிடுகிற நினைவு மலரைத்தான் கல்வெட்டு என்கிறோம்.) சிவபுராணம் இருக்கிறது, திருப்பொற்சுண்ணம் இருக்கிறது, மருமக்களின் உத்தியோகம் எல்லாம் விரிவாக இருக்கிறது. படையில் இருந்த காலத்தைப் புலவர் ஒரே அடியில் முடித்துவிட்டார். மேற்றிசை போய் மீண்டாராம். அவ்வளவுதான்.

மிச்சம் இருப்பது ஒரு பிஸ்கற் ரின். அதற்குள் நான்கு பதக்கங்கள். இரண்டு வெண்கல நட்சத்திரங்கள், இரண்டு வட்டமான வெள்ளி நிறப் பதக்கங்கள். ஒரு நட்சத்திரத்தின் நாடா மணல் நிறத்தில், நடுவில் சிவப்புக் கோடு. வட்டமான ஒன்றின் நாடாவில் யாரோ சின்ன இலை ஒன்றைக் குத்தி வைத்திருக்கிறார்கள். பிரித்தானியத் தளபதி மொன்ற்கோமரி தன் கையாலேயே அவருக்கு நட்சத்திரத்தை அணிவித்தார் என்பது எங்கள் குடும்பக் கதை. பெரியப்பா இதைச் சொல்லாத கலியாண வீடு இல்லை. படங்களை இணைத்திருக்கிறேன். அவர் என்ன செய்தார் என்பதை எப்படித் தேடுவது?

நாணயப்பெட்டி (வெள்ளவத்தை):

படங்களைப் பெரிதாக்கிப் பார்த்தேன். நான்கும் உண்மையானவை. ஒழுங்குபடி சொல்கிறேன்.

கடும் நீலம், சிவப்பு, இள நீலம் என்று மூன்று சம பட்டைகள் உள்ள நாடா 1939-45 நட்சத்திரத்துக்கு உரியது. மணல் நிற நாடா ஆபிரிக்க நட்சத்திரம். மணல் நிறம் பாலைவனத்துக்கு, நடுவில் சிவப்பு தரைப் படைக்கு, இரு பக்கமும் உள்ள மெல்லிய கோடுகள் கடற்படைக்கும் வான்படைக்கும். 1940 யூன் 10 முதல் 1943 மே 12 வரை வட ஆபிரிக்கப் போர்முனையில் ஒரு நாள் இருந்திருந்தாலே இது கிடைக்கும். வட்டமானவற்றில், பின்பக்கம் ஓக் கன்றும் இரு பக்கம் சிங்கங்களும் உள்ளது பாதுகாப்புப் பதக்கம். பறவை நாகத்தின் மேல் சிங்கம் ஏறி நிற்பது 1939-45 போர்ப் பதக்கம். இந்த நான்கும் சேவைப் பதக்கங்கள். குறித்த காலத்தில் குறித்த இடத்தில் கடமையில் இருந்த எல்லோருக்கும் உரியவை.

மொன்ற்கோமரி கதை பொருந்தவில்லை. போர் நடந்தபோது வீரர்களுக்கு நாடாத் துண்டு மட்டும்தான் கொடுத்தார்கள், சட்டையில் தைத்துக்கொள்வதற்கு. உலோகப் பதக்கங்கள் 1948-ஐ ஒட்டித்தான் வழங்கப்பட்டன. பெரும்பாலும் அட்டைப் பெட்டிக்குள் தபாலில் வந்தன. மொன்ற்கோமரியோ, வட ஆபிரிக்காவில் போரிட்ட எட்டாவது படையை விட்டு 1943 முடிவிலேயே போய்விட்டார்.

இனி முக்கியமான விடயம். அந்த இலையை யாரும் அழகுக்குக் குத்தவில்லை. தயவுசெய்து கழற்றிவிடாதீர்கள். போர்ப் பதக்கத்தின் நாடாவில் வெண்கல ஓக் இலை இருந்தால், படைத் தளபதி மேலிடத்துக்கு அனுப்பிய அறிக்கையில் அந்த மனிதருடைய பெயரைச் சிறப்பாகக் குறிப்பிட்டிருக்கிறார் என்று பொருள். எல்லோருக்கும் கிடைப்பதல்ல. உங்கள் வீட்டில் தலைமுறையாகப் பெருமை பேசியது நட்சத்திரத்தைப் பற்றி. பெருமைக்கு உரியது இந்த இலை.

உப்புக்காற்று (சிட்னி):

மொன்ற்கோமரி கதையை எங்கள் வீட்டிலும் சொல்வார்கள். யாழ்ப்பாணத்தில் அவர் எத்தனை பேருக்குப் பதக்கம் குத்தினார் என்று கூட்டிப் பார்த்தால், மனிதருக்குச் சண்டை பிடிக்க நேரமே இருந்திருக்காது.

பூவரசு (ரொறன்ரோ):

தம்பி, நீங்கள் சொல்லும் பட்டாளத்தாரை நான் நேரில் கண்டிருக்கிறேன். எங்கள் ஐயாவின் தோட்டக் கிணறு அவர் வெடி வைத்து இறக்கியது.

வலிகாமத்தில் கிணறு வெட்டுவது என்றால் இக்காலப் பிள்ளைகளுக்கு விளங்காது. மேலே கொஞ்சம் செம்மண், அதற்குக் கீழே முழுக்கச் சுண்ணாம்புக் கல். மண்வெட்டிக்கு அங்கே வேலை இல்லை. கல்லில் துளை போட்டு, மருந்து இட்டு, திரி வைத்து வெடிக்க வேண்டும். பிறகு உடைந்த கல்லைக் கடகத்தில் மேலே இழுக்க வேண்டும். மருந்து கூடினால் கல் பிளந்து நீர் வேறு பக்கம் ஓடிவிடும், அல்லது அயல் வீட்டுக் கிணறு கலங்கிவிடும். குறைந்தால் ஒரு நாள் உழைப்பு வீண். பட்டாளத்தார் துளைக்கு மேல் காதை வைத்துத் தட்டிப் பார்ப்பார். 'இது வெட்டுக்கல், இது குடைவு' என்பார். திரியைக் கொளுத்த வேறு யாரையும் விடமாட்டார். நாங்கள் எல்லோரும் ஒழுங்கை முகப்புக்குப் போன பிறகுதான் அவர் விசில் ஊதுவார்.

வெடி வேலையை எங்கே பழகினார் என்று ஐயா ஒருமுறை கேட்டார். 'தண்ணி இல்லாத ஊரிலே' என்று சொல்லிவிட்டுச் சுருட்டைப் பற்ற வைத்தார். வேறு எதுவும் அவர் வாயிலிருந்து வரவில்லை. அவரை யாழ்ப்பாணத்துக்குப் பயன்பட்ட மனிதராகத்தான் எனக்குத் தெரியும். பதக்கம் இருந்த விடயம் இன்றுதான் தெரிகிறது.

நாணயப்பெட்டி (வெள்ளவத்தை):

பூவரசு ஐயா சொல்வது வழியைக் காட்டுகிறது. இலங்கையிலிருந்து மத்திய கிழக்குக்குப் போனவர்களில் பலர் பயனியர் படைப்பிரிவில் இருந்தவர்கள். துப்பாக்கி வைத்திருந்தாலும் அவர்களுடைய வேலை வேறு: கப்பலில் வந்த சரக்கை இறக்குவது, வீதியும் விமானத் தளமும் போடுவது, நீர்க்குழாய் பதிப்பது, புகைத்திரை எழுப்புவது, காயப்பட்டவர்களைச் சுமப்பது, இறந்தவர்களைப் புதைப்பது. பசுட்டோலாந்து, மொரிசியஸ், சைப்பிரஸ், பலஸ்தீனம் என்று பேரரசின் மூலை முடுக்கிலிருந்தெல்லாம் அதற்கு ஆள் எடுத்தார்கள். அந்தப் பிரிவுக்கு 'றோயல்' என்ற அடைமொழியை 1946-இல்தான் கொடுத்தார்கள். ரின்னுக்குள் தொப்பிச் சின்னம் இருந்தால் படம் எடுத்துப் போடுங்கள்.

கரும்பனை (நல்லூர்):

எல்லோரும் மகிழ்ச்சியாக இருக்கிறீர்கள். நான் கசப்பான பக்கத்தைச் சொல்கிறேன், கோபிக்க வேண்டாம்.

இந்தப் பதக்கங்களில் யாருடைய தலை இருக்கிறது? ஆறாம் ஜோர்ஜ். யாழ்ப்பாண இளைஞர் காங்கிரஸ் 1927-இல் காந்தியை இங்கே அழைத்து வந்தது. முழு விடுதலை வேண்டும் என்று சொல்லி 1931-இல் தேர்தலையே பகிஷ்கரித்தது. அந்த மண்ணிலிருந்து பத்து ஆண்டுகளுக்குள் ஒருவர் அரசனுக்காகப் பாலைவனத்துக்குப் போகிறார், நாம் அவரைக் கொண்டாடுகிறோம். அதே போரில், 1942 மே 8-ஆம் நாள் கொக்கோஸ் தீவில் இலங்கைப் பீரங்கிப் படையினர் கலகம் செய்தார்கள். கிராசியன் பெர்னாண்டோ உட்பட மூவரைத் தூக்கிலிட்டார்கள். அந்தப் போரில் கலகக் குற்றத்துக்காகத் தூக்கிலிடப்பட்ட ஒரே பொதுநலவாயப் படையினர் அவர்கள்தான். அவர்களுக்கு எந்த நாடா? எந்த இலை?

பட்டாளத்தார் கெட்டவர் என்று நான் சொல்லவில்லை. 'வீரர்' என்ற பட்டத்தை நூலில் கொடுப்பதற்கு முன் யாருக்கு வீரர் என்று கேளுங்கள் என்கிறேன்.

ஓய்வூதியம் (கோண்டாவில்):

கரும்பனை தம்பிக்கு ஒரு பழைய ஆசிரியையின் பதில்.

இளைஞர் காங்கிரஸ் பற்றி நீங்கள் சொன்னது சரி. ஆனால் அக்காலத்து யாழ்ப்பாணத்துக்குச் சோறு போட்டது எது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். இங்கே ஆங்கிலப் பள்ளியில் படித்துச் சோதனை சித்தியடைந்தவன் மலாயாவுக்குக் கப்பல் ஏறுவான். ரயில்வேயிலோ திறைசேரியிலோ கிளாக்கர் ஆவான். மாதாமாதம் மணியோடர் வரும். சுண்ணாம்பு அடித்த கல்வீடுகளில் பாதி அந்தக் காசில் எழுந்தவை. முப்பதுகளில் பொருளாதார மந்தம் வந்ததும் அந்தக் கதவு ஒடுங்கியது. 1942 பெப்ரவரி 15-இல் சிங்கப்பூர் விழுந்ததும் முழுக்க அடைபட்டது. ஒரே மாதத்தில் மணியோடரும் இல்லை, ஓய்வூதியமும் இல்லை, பிள்ளை உயிரோடு இருக்கிறானா என்ற செய்தியும் இல்லை. ஏப்ரல் 5-இல் கொழும்பிலும் 9-இல் திருகோணமலையிலும் யப்பான்காரர் குண்டு போட்டார்கள். கொழும்பில் உத்தியோகம் பார்த்தவர்கள் பெண்டு பிள்ளைகளை ரயில் ஏற்றி ஊருக்கு அனுப்பினார்கள். பர்மாவிலிருந்து அரிசி வருவதும் நின்றது. வீட்டில் வாய்கள் கூடின, அரிசி கூப்பனுக்கு வந்தது. எங்கள் அம்மா கோதுமை மாவில் புட்டு அவிக்கப் பழகியது அந்த ஆண்டில்தான் என்பார்.

அப்படிப்பட்ட வீட்டில் இருபது வயது கடந்த ஒரு பையன். சம்பளம், சாப்பாடு, வீட்டுக்கு மாதாந்தப் படி. போகாமல் என்ன செய்வான்? அரசன்மேல் பக்தி கொண்டு போனவர்களும் இருந்திருப்பார்கள். எனக்குத் தெரிந்தவர்கள் எல்லோரும் தங்கைக்குச் சீதனம் சேர்க்கப் போனவர்கள்.

இன்னொன்று. போரில் இறந்த படையினரின் நினைவாக விற்கப்பட்ட பொப்பி மலருக்கு எதிராக 1931-இல் தொடங்கிய சூரியமல் இயக்கத்தின் தொடக்கமே முன்னாள் படைவீரர்களிடமிருந்துதான். இங்கே பொப்பி விற்ற காசில் பெரும்பங்கு இங்கிலாந்துக்குப் போனது, இந்நாட்டுப் படைவீரருக்கு மிச்சம் விழவில்லை என்பதே அவர்களுடைய கோபம். ஆகவே பதக்கம் வைத்திருந்தவன் எல்லாம் தலையாட்டிக்கொண்டிருந்தான் என்று எண்ண வேண்டாம்.

கரும்பனை (நல்லூர்):

சீதனக் கதையை ஏற்கிறேன், ரீச்சர். 'வீரர்' என்ற சொல்லை இன்னும் ஏற்கவில்லை.

கிள்ளான் பேரன் (கோலாலம்பூர்):

நான் மூன்றாம் தலைமுறை மலேசியன். பூட்டனார் மானிப்பாயிலிருந்து வந்தவர், ரயில்வேயில் வேலை. மணியோடர் நின்றது என்று ஆசிரியை எழுதியதை இந்தப் பக்கத்திலிருந்து சொல்கிறேன்.

யப்பானியர் தாய்லாந்திலிருந்து பர்மாவுக்கு 415 கிலோமீற்றர் நீளத்தில் ரயில் பாதை போட்டது எல்லோருக்கும் தெரியும். 1943 ஒக்ரோபரில் முடிந்தது. வெள்ளைக்காரப் போர்க்கைதிகள் சுமார் 12,000 பேர் அதில் இறந்தார்கள். அவர்களுக்குக் காஞ்சனபுரியில் பெயர் பொறித்த கல்லறைகள் இருக்கின்றன. ஆசியத் தொழிலாளர்கள் எண்பது, தொண்ணூறாயிரம் பேர் இறந்திருப்பார்கள் என்று கணக்கிடுகிறார்கள். அவர்களில் மிகப் பலர் தோட்டங்களிலிருந்து பிடித்துச் செல்லப்பட்ட தமிழர்கள். அவர்களுக்குக் கல்லும் இல்லை, பெயரும் இல்லை.

இன்னொரு பக்கமும் உண்டு. 1943-இல் சுபாஸ் சந்திர போஸ் சிங்கப்பூருக்கு வந்ததும் இங்கே இருந்த யாழ்ப்பாணத் தமிழ்ப் பிள்ளைகள் சிலர் இந்தியத் தேசியப் படையில் சேர்ந்தார்கள். அதன் பெண்கள் பிரிவான ஜான்சி ராணிப் படையில் சேர்ந்த ராசம்மா பூபாலன் ஈப்போவில் பிறந்த இலங்கைத் தமிழ்ப் பெண். அப்போது அவருக்குப் பதினாறு வயது. ஆக, ஒரே ஊர்த் தாய் வயிற்றுப் பிள்ளைகளின் ஒரு கிளை பிரித்தானியச் சட்டையில், இன்னொரு கிளை அவர்களுக்கு எதிர்ச் சட்டையில். எங்கள் வீட்டில் இரண்டு படமும் ஒரே சுவரில் தொங்குகின்றன. விருந்தினர் வந்தால் அப்பா இரண்டையும் சுட்டிக்காட்டி, இருவரும் மைத்துனர்கள் என்பார்.

உப்புக்காற்று (சிட்னி):

அதற்கு முந்திய முதல் உலகப் போரில் மலாயா யாழ்ப்பாணத்தார் காசு சேர்த்துப் பிரித்தானிய வான்படைக்கு ஒரு விமானமே வாங்கிக் கொடுத்தார்கள். 'யாழ்ப்பாணம்' என்று பெயரும் வைத்தார்கள். கரும்பனை அண்ணனுக்கு இதையும் சொல்லி வைக்கிறேன், இரவு நித்திரை வராமல் இருக்கட்டும்.

கரும்பனை (நல்லூர்):

வராது. நன்றி.

கிளுவைவேலி (ஏழாலை):

எல்லோருக்கும் நன்றி. ரின்னைக் கவிழ்த்துத் தேடினோம், தொப்பிச் சின்னம் இல்லை. உள்ளே ஒரு பழைய தபால் உறை இருந்தது. அதில் படை இலக்கம் பென்சிலால் எழுதியிருக்கிறது.

கரும்பனை அண்ணன் கேட்ட கேள்வியைப் பெரியப்பாவிடம் கேட்டேன். அவர் கோபித்துக்கொண்டார். ஆனால் சின்னம்மா ஒன்று சொன்னார். கோயில் திருவிழாவில் வாணவேடிக்கை தொடங்கினால் பட்டாளத்தார் எழுந்து வீட்டுக்குப் போய்விடுவாராம். நாள் முழுக்கக் கிணற்றுக்குள் வெடி வைத்த மனிதர்! தான் கொளுத்தும் வெடி வேறு, எங்கிருந்தோ வருவது வேறு என்று அவரே சொன்னதாகச் சின்னம்மா சொல்கிறார். நூலில் இதைச் சேர்க்கிறேன். மொன்ற்கோமரியைச் சேர்ப்பதா என்பதில் வீட்டில் இன்னும் வழக்கு நடக்கிறது.

நாணயப்பெட்டி (வெள்ளவத்தை):

இலக்கம் கிடைத்ததே பெரிய காரியம். முதல் உலகப் போர்ப் பதக்கம் என்றால் விளிம்பிலேயே பெயரும் இலக்கமும் பொறித்திருக்கும். இரண்டாம் போரில் பிரித்தானியர் அந்தச் செலவை மிச்சம் பிடித்துவிட்டார்கள்.

அறிக்கையில் பெயர் குறிக்கப்பட்டவர்களின் பட்டியல் பிரித்தானிய அரசிதழான லண்டன் கசெற்றில் வெளிவரும். இணையத்தில் இலவசமாகத் தேடலாம். ஆனால் நம்முடைய பெயரை வெள்ளைக்காரக் கிளாக்கர் எப்படி எழுதியிருப்பார் என்று யோசித்துத் தேடுங்கள். தகப்பன் பெயரைத் தலைப்பெழுத்தாக்குவதற்குப் பதில் பிள்ளையின் பெயரைத் தலைப்பெழுத்தாக்கி, தகப்பன் பெயரில் வரிசைப்படுத்தியிருக்கக்கூடும். நீண்ட பெயர் என்றால் நடுவில் இரண்டு எழுத்தை விழுங்கியிருப்பார்கள். இலக்கத்தை வைத்துத் தேடுவதே நல்லது.

கடலேரி (மயிலிட்டியிலிருந்து இடம்பெயர்ந்து இப்போது சுன்னாகம்):

ரின் இருக்கிறதே, நீங்கள் கொடுத்து வைத்தவர்கள். எங்கள் அம்மப்பாவும் அந்தப் போருக்குப் போனவர். அவருடைய பதக்கமும் படமும் பெட்டகத்தில் இருந்தன. 1990 யூனில் உடுத்த உடையோடு கிளம்பினோம். பிறகு அந்த இடம் உயர் பாதுகாப்பு வலயமாகி, பல ஆண்டுகள் கழித்துப் போய்ப் பார்த்தபோது வீட்டின் அத்திவாரம்கூடப் பற்றைக்குள் தேட வேண்டியிருந்தது. அவர் பாலைவனத்தில் வெள்ளைக்காரனுக்கு விமானத் தளம் போட்டுக்கொண்டிருந்த காலத்தில்தான் வெள்ளைக்காரன் இங்கே பலாலியில் விமானத் தளம் போட்டான். பின்னாளில் எங்களுக்குக் காணி இல்லாமல் போனது அந்தத் தளத்தைச் சுற்றித்தான்.

பதக்கம் இல்லாவிட்டாலும் இலக்கம் தெரியாவிட்டாலும் பெயரை வைத்து ஏதாவது எடுக்க முடியுமா, ஐயா?

நாணயப்பெட்டி (வெள்ளவத்தை):

முடியும், கொஞ்சம் இழுபடும். படைவீரர்களின் தனிநபர்க் கோவைகளை 2022 முதல் பிரித்தானியப் பாதுகாப்பு அமைச்சு அங்குள்ள தேசிய ஆவணக் காப்பகத்துக்கு மாற்றி வருகிறது. முழுப் பெயர், பிறந்த திகதி கொடுத்து விண்ணப்பிக்கலாம். பிறந்து 115 ஆண்டு ஆகாதவர் என்றால் மரணச் சான்றிதழும் வேண்டும். அவர் இருந்த கம்பனி, அதாவது படை அணி, எது என்று தெரிந்துவிட்டால், மத்திய கிழக்குப் படைகளின் போர் நாட்குறிப்புகள் அதே காப்பகத்தில் இருக்கின்றன. அன்றன்று எந்த இடத்தில் எத்தனை பேர் என்ன வேலை செய்தார்கள் என்று அதிகாரி எழுதி வைத்திருப்பார். பெரும்பாலும் 'சீமெந்து இறக்கினோம்' என்ற மாதிரியான வரிகள்தான். ஆனாலும் வாசிக்கும்போது மனிதர் கண்ணுக்குத் தெரிவார்.

ஓய்வூதியம் (கோண்டாவில்):

1955-இல் இலங்கைத் தரைப்படைக்கு முதலாவது இலங்கைத் தளபதியாக வந்த அன்ரன் முத்துக்குமாரு, 1960-இலிருந்து கடற்படையை நடத்திய ராஜன் கதிர்காமர் போன்றவர்களுடைய வாழ்க்கை நூல்களில் ஏறிவிட்டது. சீமெந்து இறக்கியவரைப் பற்றி அவருடைய பேரப்பிள்ளைகள் எழுதினால்தான் உண்டு. கடலேரி தம்பியும் கட்டாயம் விண்ணப்பிக்க வேண்டும்.

கிளுவைவேலி (ஏழாலை):

கிடைத்துவிட்டது! லண்டனில் இருக்கும் மச்சாள் இலக்கத்தை வைத்துத் தேடினார். நாணயப்பெட்டி ஐயா சொன்னபடியே தகப்பன் பெயரின் கீழ், ஓர் எழுத்து விழுங்கப்பட்டு, பயனியர் படைப்பிரிவின் பட்டியலில் இருக்கிறது. மத்திய கிழக்கில் ஆற்றிய சிறப்பான சேவைக்காக என்று எல்லோருக்கும் பொதுவாக ஒரு தலைப்பு. அதற்குக் கீழே இலக்கம், பதவி, பெயர். என்ன செய்தார் என்று ஒரு சொல்கூட இல்லை.

நாணயப்பெட்டி (வெள்ளவத்தை):

வாழ்த்துகள். செயலைக் கசெற்றில் எழுதுவதில்லை. பெரிய விருதுகளுக்கான பரிந்துரைகள் பல காப்பகத்தில் இருக்கின்றன. இந்த வகைக்கு உரியவை மிகக் குறைவாகவே தப்பியிருக்கின்றன. நாட்குறிப்பில் பெயர் அகப்பட்டால் அதிர்ஷ்டம்.

உப்புக்காற்று (சிட்னி):

அப்படியென்றால் பெரியப்பாவின் நிலை?

கிளுவைவேலி (ஏழாலை):

கசெற் பக்கத்தை அச்செடுத்துக் கையில் கொடுத்தேன். கண்ணாடியைப் போட்டு நான்கு தரம் வாசித்தார். பிறகு, 'சரி, மொன்ற்கோமரி குத்தவில்லை, பெயரையாவது எழுதி அனுப்பியிருக்கிறான்' என்றார். அந்தப் பட்டியலை அனுப்பிய தளபதி வேறு ஆள் என்று நான் சொல்லவில்லை. சின்னம்மா கண்ணைக் காட்டிவிட்டார்.

கரும்பனை (நல்லூர்):

நூலில் எப்படி எழுதப் போகிறீர்கள்? கேட்கக் காரணம், வெட்டிப் பேசுவதற்கு அல்ல. எங்கள் பக்கத்து வளவுக் கிணறும் பட்டாளத்தார் இறக்கியதுதான் என்று நேற்று அம்மா சொன்னார்.

கிளுவைவேலி (ஏழாலை):

இப்போதைக்கு எழுதியது இது: 'சம்பளத்துக்காகப் படையில் சேர்ந்தார். பயனியர் படைப்பிரிவில் எகிப்திலும் லிபியாவிலும் பணியாற்றினார். சிறப்பான சேவைக்காகப் படைத் தளபதியின் அறிக்கையில் பெயர் குறிக்கப்பட்டது. ஊர் திரும்பி, ஏழாலை, சுன்னாகம், கோண்டாவில் பகுதிகளில் கிணறுகள் இறக்கினார். அவருடன் வேலை செய்த எவருக்கும் வெடி விபத்து நேர்ந்ததில்லை.' கடைசி வரி பெரியப்பா சேர்க்கச் சொன்னது. வேலையாட்களின் பிள்ளைகள் இருவரிடம் கேட்டு உறுதிப்படுத்திக்கொண்டேன். 'வீரர்' என்ற சொல் இல்லை, கரும்பனை அண்ணா. நீங்கள் வென்றீர்கள் என்று பெரியப்பாவிடம் மட்டும் சொல்லிவிடாதீர்கள்.

மரணச் சான்றிதழின் பிரதிக்குப் பிரதேச செயலகத்தில் விண்ணப்பம் கொடுத்திருக்கிறோம். அது வந்ததும் அவருடைய படைக் கோவையைக் கேட்டு எழுதுவோம், பதிலை இங்கே போடுகிறேன். கடலேரி அண்ணா, உங்கள் அம்மப்பாவின் முழுப் பெயரையும் பிறந்த ஆண்டையும் தனிமடலில் அனுப்புங்கள். மச்சாள் சேர்த்தே தேடுவதாகச் சொல்கிறார்.

பூவரசு ஐயா, உங்கள் ஐயாவின் தோட்டக் கிணறு இப்போதும் பாவனையில் இருக்கிறதா? அங்கே யாராவது இருந்தால் ஒரு படமும் ஆழமும் வேண்டும். கரும்பனை அண்ணனும் பக்கத்து வளவுக் கிணற்றை எடுத்து அனுப்பினால் நல்லது.

பூவரசு (ரொறன்ரோ):

இருக்கிறது. இப்போது மோட்டார் போட்டு இறைக்கிறார்கள், கோடையிலும் வற்றவில்லையாம். மருமகனிடம் கயிறு போட்டு அளக்கச் சொல்லியிருக்கிறேன்.